இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வெளியே

ஜூன் 10, திங்கள்

இவருடைய கம்பெனியில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து பீரோ மேல் கிடந்தது. பால் கணக்கு எழுதலாம் என்று வைத்திருந்தேன். இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன்.

வேலையில் முதல் நாள். பள்ளி ஒன்பது மணிக்குத்தான், ஆனாலும் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. சாம்பார், கோவைக்காய்ப் பொரியல். இவருக்கும் ஆதிரைக்கும் டப்பா கட்டிவிட்டு எனக்கும் ஒன்று கட்டினேன். என் டப்பாவுக்கு மூடி கிடைக்கவில்லை, கிண்ணத்தின் மூடியைப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினேன்.

"எத்தனை நாள் தாங்குதுன்னு பாப்போம்," என்றார் இவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆதிரை ஒன்பதாம் வகுப்பு. அவள், "அம்மா, முந்தானையில பின்னு தெரியுது," என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முன்பு ஒரு மொத்த மருந்துக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆதிரை பிறந்ததும் விட்டது. இப்போது எங்கே போய்க் கேட்டாலும் டேலி தெரியுமா, ஜிஎஸ்டி தெரியுமா என்கிறார்கள். புத்தூர்ப் பக்கம் இருக்கும் இந்தப் பள்ளியில் மட்டும்தான், "குழந்தை வளர்த்திருக்கீங்கல்ல, அது போதும்," என்றார்கள்.

பிரின்சிபால் இந்துமதி மேடம் வேலையை நின்றுகொண்டே சொல்லி முடித்தார். இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் மிதுனா என்று ஒரு பெண். ஏழு வயது. ஆட்டிசம். "உங்களுக்கு அந்த ஒரு குழந்தைதான். கிளாஸ் டிஸ்டர்ப் ஆகக்கூடாது. அவ்ளோதான்."

வகுப்பு டீச்சர் ஹெலன் மிஸ். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நாற்பது பிள்ளைகள். முன்பெஞ்சில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க மிஸ்ஸா, ஆயாவா?" என்று கேட்டாள். ஹெலன் மிஸ், "சுகந்தி ஆன்ட்டின்னு கூப்பிடுங்க," என்றார். எல்லோரும் சேர்ந்து இழுத்து இழுத்து குட் மார்னிங் சொன்னார்கள். மிதுனா சொல்லவில்லை. அவள் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 11

கால் வலி. மாவு புளித்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

மிதுனாவுக்குப் பேச்சு அதிகம் இல்லை. "போலாம்" என்ற ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும். தாகம் எடுத்தாலும் போலாம், பாத்ரூம் வந்தாலும் போலாம், பிடித்ததைப் பார்த்தாலும் போலாம். பெல் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறாள். மற்ற நேரத்தில் வாய்க்குள் ஒரு ரீங்காரம், வண்டு மாதிரி. யாராவது கையைப் பிடித்தால் முதலில் அந்தக் கையை மோந்து பார்ப்பாள். இத்தனை நாளும் என் கையை மோந்துவிட்டுத் தள்ளினாள். இன்று தள்ளவில்லை. காலையில் பூண்டு உரித்திருந்தேன், அதனாலா என்று தெரியவில்லை.

சாயங்காலம் கேட்டில் அவள் அம்மா சங்கீதாவைப் பார்த்தேன். ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. கணவர் குவைத்தில். பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினாள்.

"அக்கா, எங்கெங்கயோ கேட்டு இங்கதான் எடுத்தாங்க. படிக்கறதெல்லாம் மெதுவா வரட்டும். மத்த புள்ளைங்களோட ஒண்ணா உக்காரணும். எனக்கு அது போதும்க்கா."

"உக்கார வச்சிரலாம்ங்க," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 24, திங்கள்

தமிழ்ப் பாட்டு ஒப்பிக்கும் நேரம். ஒவ்வொருவராக எழுந்து சொல்லச் சொல்ல மிதுனாவின் ரீங்காரமும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பையன் நடுவில் நிறுத்திவிட்டு, "மிஸ், எனக்கு மறந்துபோச்சு, இவ கத்துறா," என்று அழ ஆரம்பித்தான்.

ஹெலன் மிஸ் என்னிடம் வந்து மெதுவாக, "ஒரு பத்து நிமிஷம் வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வரீங்களா, ப்ளீஸ்," என்றார்.

கைகழுவும் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். ஒரு குழாயைச் சொட்டு சொட்டாக விட்டு அதன் கீழே விரலை வைத்துக் காட்டினேன். ரீங்காரம் நின்றுவிட்டது. அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது பாட்டு முடிந்திருந்தது. ஹெலன் மிஸ், "தேங்க்ஸ் ஆன்ட்டி. நீங்க இல்லன்னா இன்னிக்கு முடிஞ்சிருக்காது," என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வேலை செய்ததற்கு ஒருவர் நன்றி சொல்லி எத்தனை வருஷமாகிவிட்டது.

ஜூலை 4

இப்போதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ரீங்காரம் தொடங்குவதற்கு முன் மிதுனா கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வாள். அதைப் பார்த்ததும் எழுந்துவிடுவேன். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பின்பக்கக் கதவு வழியாக வெளியே. மூன்றாவது பீரியடும் இன்டர்வெலுக்கு அப்புறமும் பெரும்பாலும் குழாயடிதான். எங்கள் பெஞ்சைக் கதவுப் பக்கம், கடைசிக்கு மாற்றிக்கொண்டோம். நான்தான் கேட்டேன். போக வர வசதி.

பிரின்சிபால் மேடம் வராந்தாவில் பார்த்து நின்றார். "இந்த வருஷம் பி செக்‌ஷன்ல இருந்து ஒரு கம்ப்ளெயின்ட்டும் வரல. நல்லா பாத்துக்கறீங்க சுகந்தி."

என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 9

ஆதிரைக்குக் காய்ச்சல். லீவு கேட்க மனசு வரவில்லை. கஞ்சி வைத்து, மாத்திரையை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கஞ்சி அப்படியே இருக்கிறது. "நீ இல்லாம சாப்பிட மாட்டாளாம், ஒம்போதாவது படிக்கற புள்ள," என்றார் இவர். என்னைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

மிதுனா எழுதினாள்.

குழாயடியில் சிமெண்ட் தரை காய்ந்திருந்தது. ஈர விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் ‘ம’. சதுரமாக, கோணலாக, ஆனால் ‘ம’தான். நான் பக்கத்தில் ஒன்று எழுதினேன். அவள் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வெயிலில் முதல் எழுத்து மறைவதற்குள் தரை முழுக்க எழுதிவிட்டாள்.

ஓடிப்போய் ஹெலன் மிஸ்ஸிடம் சொன்னேன். கட்டுக் கட்டாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "நோட்ல ஒரு தடவை எழுத வச்சிருங்க ஆன்ட்டி," என்றார். நோட்டில் எழுத மாட்டேன் என்கிறாள். பென்சிலைக் கையில் கொடுத்தால் போட்டுவிடுகிறாள்.

கேட்டில் சங்கீதாவிடம் சொன்னதும் வண்டி மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளாஸ்லயாக்கா எழுதுனா? எல்லாப் புள்ளைங்களும் பாத்துச்சா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

குழாயடியும் பள்ளிக்கூடத்துக்குள்தானே இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வியாழன்

எங்களுக்கென்று அறை கொடுத்துவிட்டார்கள். மைதானத்தை ஒட்டி, விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில். உடைந்த பெஞ்சும் பேண்டு வாத்தியத்து டிரம்மும் கிடந்த இடம். கதவுக்கு மேல் "சிறப்புக் கற்றல் அறை" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். "வராந்தாவுல நின்னுக்கிட்டு இருக்கீங்க, பாக்க நல்லாவா இருக்கு? இங்க ஃப்ரீயா இருக்கலாம்," என்றார் பிரின்சிபால் மேடம்.

நானே கூட்டித் துடைத்தேன். ஒட்டடை தலையெல்லாம். ஆதிரையிடம் ஒரு யானைப் படம் வரையச் சொல்லி வாங்கிப்போய்ச் சுவரில் ஒட்டினேன். மணல் நிரப்பிய ஒரு தாம்பாளம், எழுதிப் பழக. இனிமேல் காலை அசெம்பிளி முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடலாம்.

பிரின்சிபால் மேடம் சங்கீதாவைக் கூப்பிட்டு இது தனிக் கவனம் என்று சொல்லியிருக்கிறார். சங்கீதா அறையை வந்து பார்த்தாள். யானையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னிடம், "அக்கா, நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"இங்க அமைதியா இருக்கா," என்றேன். அது பொய்யில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. காவிரிக்குப் போகலாம் என்றார் இவர். கூட்டம். மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்தோம். படித்துறையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு நின்றது, மிதுனாவோ என்று பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 13

சுதந்திர தினத்துக்கு இரண்டாம் வகுப்பு மொத்தமும் ஒரு நடனம். பத்து நாளாக எங்கள் ஜன்னலுக்கு வெளியேதான் பழகுகிறார்கள். மிதுனாவுக்கும் டிரெஸ் தைத்தாகிவிட்டது. மூவர்ண வளையல் வாங்கிவிட்டதாகச் சங்கீதா காட்டினாள், மணிக்கட்டில் இறுக்காததாகத் தேடிப்பிடித்தது.

இன்று பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். "ஸ்பீக்கர் சத்தத்துல குழந்தை பேனிக் ஆயிரும். பெரிய மனுஷங்கல்லாம் வராங்க. புரோகிராம் முடியற வரைக்கும் ரூம்ல வச்சுக்கோங்க. அந்தக் குழந்தை நல்லதுக்குத்தான்."

"அவங்கம்மா எதிர்பார்த்திட்டு இருக்காங்க மேடம்."

"நீங்க அம்மாதான, உங்களுக்குத் தெரியாதா? வீம்புக்கு மேடையில ஏத்தி அழ விடலாமா?"

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மிதுனா பாவாடையும் வளையலுமாக வந்தாள். சங்கீதா அவளை என்னிடம் விட்டுவிட்டு, இரண்டாவது வரிசையில் இடம் பிடித்து, போனைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மிதுனாவைப் பின்பக்கமாகச் சுற்றி அறைக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தினேன்.

பேச்சுகள் முடிந்து பாட்டு தொடங்கியதும் மிதுனா காதைப் பொத்திக்கொண்டாள். உடம்பெல்லாம் விறைத்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் கையை விலக்கினாள். காதிலிருந்து கையை எடுத்தாள். அறை நடுவில் போய் நின்றாள்.

ஆட ஆரம்பித்தாள்.

வலது கால், இடது கால், கையைத் தூக்கி ஒரு சுற்று, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. ஒன்றுகூட விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறாள். வெளியே இருக்கிறவர்களுக்குச் சரியாக, கைதட்டும் இடத்தில் கைதட்டிக்கொண்டு. அறைக்குள் நான் ஒருத்திதான்.

கதவைத் திறந்திருக்கலாம். மைதானத்தைக் கடந்தால் மேடை. ஓடிப்போய்ச் சங்கீதாவையாவது கூட்டிவந்திருக்கலாம், பாட்டு மூன்று நிமிடத்துக்குமேல் ஓடியது. தாழ்ப்பாள் மேல் கையை வைத்தேன். மேடம் மேடைப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அப்புறம் பாட்டு முடிந்துவிட்டது.

சங்கீதா வந்து கதவைத் தட்டினாள். போனை இன்னும் கையில் பிடித்திருந்தாள். "மேடம் சொன்னாங்க. ரொம்பப் பயந்துட்டாளாக்கா?"

"கொஞ்சம்," என்றேன்.

மிதுனா அவளைப் பார்த்துக் கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். சங்கீதாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. வளையலைச் சரிசெய்துவிட்டுக் கூட்டிப்போனாள்.

ஆகஸ்ட் 20

ஆதிரை இன்று, "ஸ்கூல்ல அந்தப் பொண்ணுகிட்டப் பேசற குரல்ல எங்கிட்டப் பேசாதம்மா," என்றாள். எந்தக் குரல் என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 11, புதன்

ஒரு வாரமாக யோசித்து, ஹெலன் மிஸ்ஸிடம் கேட்டேன். "முதல் பீரியட் மட்டும் மிதுனாவைக் கிளாஸ்ல உக்கார வைக்கட்டுமா மிஸ்?" அவர் தயங்கினார். "மேடம்கிட்டக் கேட்டீங்களா?" இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாக்கலாம்," என்றார். நல்லவர்.

எங்கள் பெஞ்சில் இப்போது வேறு இரண்டு பேர். சுவரோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மிதுனா உள்ளே வந்ததும் நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள், புதுப் பெண்ணைப் பார்ப்பது மாதிரி. அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றாகத்தான் உட்கார்ந்தாள். ஹெலன் மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து, உரக்க. கட்டை விரல் மடங்குவதைப் பார்த்தேன். இந்த ஒரு தடவை வெளியே கூட்டிப்போகக்கூடாது, தாண்டிவிடுவாள் என்று இருந்தேன். அவள் எழுந்து கதவுக்கு ஓடினாள். கதவைச் சாத்தியிருந்தேன், ஓடக்கூடாதென்று. தள்ளிப் பார்த்தாள். திரும்பி, கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்தாள். தக்‌ஷிதா என்ற பெண்ணின் பின்னல். அந்தக் குழந்தை டெஸ்க் விளிம்பில் போய் மோதியது. உதடு கிழிந்து ரத்தம்.

மிதுனாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தா முழுக்க அலறினாள். என் தோளில் கடித்த இடம் கன்றியிருக்கிறது. இவரிடம் குக்கர் சுட்டுவிட்டது என்றேன்.

செப்டம்பர் 12

தக்‌ஷிதாவின் அப்பா வந்து சத்தம் போட்டார். கூட நான்கு பெற்றோர். ஹெலன் மிஸ்ஸுக்கு மேடத்திடம் திட்டு. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பிரின்சிபால் அறைக்கு வரச் சொன்னார்கள். சங்கீதா உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் வங்கி அடையாள அட்டையைக் கழற்றாமல். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தைரியம் வந்தது. அதை நான் பார்த்தேன்.

மேடம் கோபமாகவெல்லாம் பேசவில்லை. "நாங்க எல்லா ஃபெசிலிட்டியும் பண்ணிக் கொடுத்துட்டோம். தனி ரூம், தனி ஆள். ஆனா குழந்தையால ரெகுலர் கிளாஸ்ல உக்கார முடியலங்க. நான் சொல்றத நம்ப வேணாம், கூடவே இருக்காங்க, அவங்களயே கேளுங்க. சுகந்தி, மிதுனா கிளாஸ்ல முழுசா ஒரு நாள் உக்காந்திருக்காளா?"

சங்கீதா என் பக்கம் திரும்பினாள்.

"இல்ல மேடம்," என்றேன்.

"கடைசியா எப்ப உக்காந்தா?"

"போன வாரம் கொஞ்ச நேரம். அதுக்கு முன்னாடி ஜூலைல..."

சங்கீதா நிதானமாகக் கேட்டாள். "அக்கா, அவ உக்காரலயா, உக்கார வைக்கலயா?"

மேடம் பேனாவை மூடினார். வேறு ஒன்றும் செய்யவில்லை, என்னைப் பார்த்தார். எழுத்து எழுதினாள் என்று சொல்லலாம். ஆடினாள் என்று சொல்லலாம். அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாள்.

"சத்தம் போடுவா," என்றேன்.

"அவ சத்தம் போடுவான்னு எனக்குத் தெரியும்க்கா," என்றாள் சங்கீதா. அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. மேடம் ஊரில் இருக்கும் சிறப்புப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போகலாமா என்று கேட்டேன். போகலாம் என்றார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "உன் மேல தப்புன்னு சொல்லலல்ல? அப்புறம் என்ன," என்றார். டிவியில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். மதியம் வைத்த குழம்பு கெட்டுப்போயிருந்தது, கொட்டிவிட்டுத் தக்காளிச் சட்னி அரைத்தேன்.

செப்டம்பர் 20

டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். நான் அந்த நேரம் மாடியில் காலாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கச் சொன்னார்கள்.

செப்டம்பர் 23

அறையில் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சங்கீதாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

அக்டோபர் 7, திங்கள்

லீவு முடிந்து திறந்தார்கள். வேலை இருக்காது என்றுதான் நினைத்துப் போனேன். மேடம் சிரித்த முகமாக, "எல்.கே.ஜி.க்கு ஆள் வேணும். உங்களுக்குத்தான் பொறுமை இருக்கு. இந்த வருஷம் முழுக்க இருங்க," என்றார். சரி என்றேன். ‘பி’ பிரிவு வழியாகப் போகாமல் பின்படி வழியாகப் போனேன்.

இவர் சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். "பரவால்லயே, நிலைச்சுட்ட," என்றார்.

அக்டோபர் 23, புதன்

காலையில் பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது சீட்டில் மிதுனா, ஜன்னலோரம். பக்கத்தில் சங்கீதா. நைந்த சுடிதார், தலையை அள்ளி முடிந்திருந்தாள். நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன், கூட்டத்தில் முடியவில்லை. அவள் பார்த்துவிட்டாள். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். மிதுனா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"தெரபிக்குப் போறோம்க்கா. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம். நீங்க அங்கயேதான் இருக்கீங்களா?"

"எல்.கே.ஜி.ல போட்டிருக்காங்க."

"நல்லதுக்கா," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"எந்த ஸ்கூல்லயும் கிடைக்கலயா?"

"ஸ்பெஷல் ஸ்கூல்ல அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கறாங்க. அதுவரைக்கும் வீட்ல யாரு பாத்துக்கறது. போன வெள்ளிக்கிழமை வேலைய எழுதிக் கொடுத்துட்டேன்." கண்டக்டர் போவதற்காகக் காலை மடக்கிக்கொண்டாள். "லீவு கேட்டேன், அவ்ளோ நாள் தர மாட்டாங்களாம்."

உங்கள் பெண் ஆடினாள் என்று இப்போதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"நீங்க குழந்தைக்காக வேலைய விட்டு, மறுபடி எத்தனை வருஷம் கழிச்சுக்கா வந்தீங்க?"

"பதினாலு."

அவள் மிதுனாவின் தலையில் கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "அப்ப இவளுக்கு இருபத்தொண்ணு ஆயிருக்கும்," என்றாள்.

வாய்க்கால் பாலம் வந்தது. என் நிறுத்தம் அதற்கு இன்னும் தள்ளி. இறங்கிவிட்டேன். "வரேங்க," என்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அங்கிருந்து நடந்து போய்ச் சேர்வதற்குள் பெல் அடித்துவிட்டது. வாட்ச்மேன், "இன்னிக்கு லேட்டு மிஸ்," என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார்.